கேட்டால்தான் காய்

புதிதாக வகுப்பறைக்குள் நுழைந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் உங்கள் பயிற்சி முகாமுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியை, உள்ளூர்க்காரி, கூப்பிட்டால் மறுக்கமாட்டாள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அழைப்பிதழைப் பார்த்தேன். தலைப்பு, 'விரிவுரையைத் தாண்டிய கற்பித்தல்'. நேரம் ஒரு மணி. கீழே சின்ன எழுத்தில், 'சிறப்பு விரிவுரை'. உண்ணாவிரதத்தின் பெருமையைப் பந்தியில் உட்கார்ந்து பேசச் சொன்னது போல இருந்தது.

இருந்தாலும் வந்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் நான் இருமியதைக் கூடக் குறிப்பெடுத்தார்கள். கடைசி வரிசையின் கண்கள் எல்லாம் மடிக்குக் கீழே இருந்தன. மடியில் செல்போன் இருந்தது என்பது எனக்குத் தெரியாதா என்ன? எத்தனை வருடம் கடைசி பெஞ்சைப் பார்த்தவள் நான். பேச்சைப் பாதியில் நிறுத்தி, "எழுதி அனுப்புகிறேன், படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஏற்பாடு செய்தவருக்கு என்மேல் வருத்தம்தான். ஆனால் எழுதியதில் ஒரு வசதி இருக்கிறது. பிடிக்காத பக்கத்தை நீங்கள் தாண்டிப் போகலாம். வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

போடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்தினேன். எனக்கு வெண்கலக் குரல். நான் தேவை விதியை விளக்கினால் அடுத்த கட்டடத்தில் தாவரவியல் படிக்கும் பிள்ளைக்கும் தேவை விதி புரியும். நடுவில் ஒரு கதை, ஒரு பழமொழி, கரும்பலகையில் அளந்து வைத்தது போல ஒரு வளைகோடு. கடைசியில் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரை பறக்கும். எனக்கு அதைக் கேட்கப் பரம சுகம்.

எங்கள் தலைமையாசிரியர் அதிகம் பேசாதவர். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று நான் வெளுத்து வாங்கினேன். மணி அடித்ததும் வெளியே வந்தவர், "அருமையா இருந்துச்சு டீச்சர். பரீட்சைய நீங்க எழுதுனீங்கன்னா நூத்துக்கு நூறு" என்றார். நான் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டேன். ஆசிரியர் அறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும்போதுதான் அவர் என்ன சொன்னார் என்பது உறைத்தது.

அந்தக் காலாண்டில் கேள்வித்தாளைக் கொஞ்சம் மாற்றி எடுத்துப் பார்த்தேன். புத்தகத்தில் இருக்கும் அதே விஷயம், வேறு வாசலில் நுழையும் கேள்வி. கூரையைப் பறக்கவிட்ட அத்தனை பேரும் வெற்றுத்தாளோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'புரிஞ்சுது டீச்சர்' என்பது பதில் இல்லை, 'போதும் டீச்சர்' என்பதன் மரியாதையான வடிவம் என்று அன்று தெரிந்துகொண்டேன். 'புரிஞ்சுதா?' என்ற ஒரு வார்த்தையை மட்டும் நீங்களும் இன்றே நிறுத்திப் பாருங்கள். வகுப்பு முடிந்தும் வாயில் ஏதோ காணாமல் போனது மாதிரி இருக்கும். நாலு நாளில் பழகிவிடும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை. ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சில் வருவாள். ஒல்லி, இரட்டைச் சடை, ஜன்னலோர இடம். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதைக் கூட உதட்டால்தான் சொல்வாள், சத்தம் வராது. வீட்டுப்பாடம் ஒழுங்காக எழுதுவாள். எழுப்பிக் கேட்டால் மட்டும் கழுத்து சிவந்து, பார்வை தரைக்குப் போய்விடும்.

அவளுடைய அம்மா முருகேஸ்வரி மலைக்குப் போகிறவர். உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏலக்காய் காய்ப்பருவம் தொடங்கிவிட்டால் விடிவதற்கு முன்பே எங்கள் ஊர்ப் பக்கம் ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் இடுக்கித் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அள்ளிக்கொண்டு வரும். பருவம் வந்தால் என் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகும். போன பிள்ளைகள் பருவம் முடிந்தும் திரும்புவதில்லை. ஒருமுறை கூலிக்குப் பழகிய கை மறுபடி பேனா பிடிக்க வராது.

ஆவணி தொடங்கியிருந்த ஒரு விடியற்காலையில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் பால் வாங்க நின்றிருந்த டீக்கடையில் ஒரு ஜீப்பு நின்றது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையில் தூக்குவாளியோடு முருகேஸ்வரி இறங்கி வந்தார்.

"டீச்சரம்மா, ஒங்கள நெனச்சுக்கிட்டே வந்தேன், நீங்களே நிக்கிறீக. பாண்டீசுவரிய இந்தக் காலாண்டு லீவோட மலைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்."

"ஏம்மா, நல்லாத்தானே படிக்குது?"

"எங்கிட்டுப் படிக்குது? இன்னைக்கு என்னத்தா படிச்சேன்னு கேட்டா, 'பாடம்'ங்கிறா. என்ன பாடம்னா, 'பொருளியல்'ங்கிறா. அதுல என்னன்னா முழிக்கிறா. அங்கனயும் சும்மாதான உக்காந்திருப்பா? சும்மா உக்கார்றதுக்குப் பஸ்ஸேறிப் போகணுமா? எங்கூட வந்தா காயாச்சும் எடுப்பால்ல."

ஜீப்பு ஹாரன் அடித்தது. "வெரசா வாக்கா!" என்று உள்ளேயிருந்து குரல். அவர் ஓடிப்போய், ஏற்கெனவே நிரம்பி வழிந்த ஜீப்பில் எப்படியோ ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லையே என்று. அந்தப் பிள்ளை என் வகுப்பில் சும்மாதான் உட்கார்ந்திருந்தது. நான் ஒருத்தி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். காலாண்டு விடுமுறைக்குள் அவள் வாயைத் திறக்க வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை போய்விடும். இவ்வளவுதான் கணக்கு.

அப்போது 'விலை நிர்ணயம்' பாடம் நடந்துகொண்டிருந்தது. ஏலக்காய் ஊரில், ஏலம் போடும் ஊரில், விலை நிர்ணயத்தைக் கரும்பலகையில் நடத்துவானேன்? வகுப்பிலேயே ஏலம் விட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். இரவெல்லாம் எனக்கு ஒரே உற்சாகம். வீட்டிலிருந்ததில் நல்ல பெரிய காயாகப் பார்த்து ஒரு பாக்கெட் ஏலக்காய். காசுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை, பெஞ்சுக்கு ஒரு கைப்பிடி. பள்ளிக்கூடத்தின் பழைய கைமணியையும் வாங்கிக்கொண்டேன்.

மேசைமேல் பாக்கெட்டை வைத்து, மணியை ஆட்டி, என் வெண்கலக் குரலில், "முதல் தரமான போடிக் காய்! கேளுங்க!" என்றேன்.

ஒரு குரலும் வரவில்லை.

"கேளுங்கப்பா! ஒரு தரம்!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகத்தில் ஆர்வம் இருந்தது, கண் மின்னியது, வாய் மட்டும் திறக்கவில்லை. பெஞ்சுகளில் 'டொக்கு டொக்கு' என்று ஏதோ தட்டுகிற சத்தம். என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். மூக்கின்மேல் வரும் கோபம் எனக்கு நாக்கின்மேலேயே வந்துவிடும்.

"என்ன, விளையாடுறீங்களா? யாரும் கேக்கலைன்னா பாடத்தை எடுத்து எழுதப் போடுவேன்!"

மூன்றாம் பெஞ்சிலிருந்து அழகுராஜா எழுந்தான். அவன் அப்பா ஏல மையத்தில் மூட்டை இறக்குகிறவர். "டீச்சர், நாங்க அப்பவே கேட்டுட்டோம்" என்றான்.

"எங்கடா கேட்டீங்க? வாயே தெறக்கலையே?"

"அமுக்கிட்டோம்ல டீச்சர்."

"எதை அமுக்குனீங்க?"

"பட்டன. அங்க யாரும் கத்த மாட்டாக டீச்சர். ஆளாளுக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அமுக்குவாக. வெல தன்னால ஏறும். கத்துனா வெளிய போகச் சொல்லிருவாக."

நான் மணியைக் கீழே வைத்தேன். நான் சின்ன வயதில் கேள்விப்பட்ட ஏலம் கூச்சல் ஏலம். பிள்ளைகளுக்குத் தெரிந்ததோ பட்டன் ஏலம். அத்தனை பேரும் பெஞ்சில் ஒற்றை விரலை வைத்து மும்முரமாக ஏலம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் காது கேட்காத ஏலக்காரி மாதிரி மணி ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். சிரிப்பு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கிடையில்தான் பார்த்தேன், ஜன்னலோரத்தில் பாண்டீஸ்வரியின் விரல் பெஞ்சின்மேல் இருந்தது. அவளும் அமுக்கியிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த விரல்தான் மனசுக்குள். ஏல மையத்தில் பட்டனை அமுக்கினால் திரையில் எண் ஏறுகிறது. என் வகுப்பில் பிள்ளைகள் எத்தனை வருடமாக அமுக்கிக்கொண்டிருந்தார்களோ, என்னிடம்தான் திரை இல்லை.

இன்னொன்றும் அன்றுதான் காதில் விழுந்தது. வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் இருந்துகொண்டு இதை யோசித்ததில்லை. ஏலத்தில் விலை சொல்வதற்கு நம்மிடம் 'கேட்பது' என்றுதான் பெயர். 'யாரு கேட்டாக, என்ன வெலைக்குக் கேட்டாக' என்றுதான் பேசுவோம். கேட்காதவர் எவ்வளவு பெரிய வியாபாரியாக இருந்தாலும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும். நானோ வகுப்பில் 'நல்லாக் கேளுங்க' என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காதால் கேட்பதைச் சொன்னேன். வாயால் கேட்பதும் அதே சொல்தான் என்பதை மறந்தேபோனேன்.

மறுநாள் வகுப்பில் புதுச் சட்டம் போட்டேன். "இனிமே இங்கயும் ஏலம்தான். பாடம்தான் மூட்டை. நான் மாதிரி காட்டுவேன். நீங்க கேட்டாத்தான் மூட்டையை அவிழ்ப்பேன். யார் கேள்வி எல்லாரையும் யோசிக்க வைக்குதோ, அதுதான் பெரிய கேள்வி. கேள்வி வரலைன்னா நானும் சும்மா உக்காந்துக்குவேன்."

மாதிரி என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மூட்டையை யாரும் ஏலக் கூடத்துக்குள் கொண்டுவந்து கொட்டுவதில்லை. ஒரு பிடிக் காயைச் சுற்றி அனுப்புவார்கள். வியாபாரி முகர்ந்து பார்ப்பார், உடைத்துப் பார்ப்பார், பிடித்திருந்தால் கேட்பார். இத்தனை வருடம் நான் செய்தது, மூட்டையைக் கூடத்தில் கொட்டிவிட்டு, அள்ளிக்கொள்ளுங்கள் என்று போனது. விரிவுரையில் உள்ள குறை இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். விரிவுரையை விட்டுவிட்டோம் என்று சொல்லி அதையே படக்காட்சியாகச் சுவரில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரில் ஓடினாலும் அது கொட்டிய மூட்டைதான். கரண்டு போனால் அதுவும் போச்சு.

பேச்சுக்கு ஏற்றபடி ஒரு பாக்கெட் ஏலக்காயையும் தினமும் பெஞ்சு பெஞ்சாக அனுப்பினேன். யார் கையில் பாக்கெட் இருக்கிறதோ அவர் முறை. பீரியடு முடிந்து திரும்பி வரும்போது பாக்கெட் பாதியாகிவிடும். யார் தின்றது என்று கேட்டால் வகுப்பே உத்தமர்களாகிவிடும். வாசனை மட்டும் காட்டிக்கொடுக்கும். அடுத்த பீரியடு வரும் கணக்கு வாத்தியார், "யாருக்குக் கல்யாணம், பாயச வாசம் தூக்குது?" என்பார்.

முதல் இரண்டு நாள் யாரும் கேட்கவில்லை. நானும் சொன்னபடி உட்கார்ந்துகொண்டேன். வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உட்கார்வதைப் போலக் கஷ்டமான வேலை ஆசிரியருக்கு வேறு கிடையாது. நாக்கு துடிக்கிறது. பாடத்திட்டம் கண்முன் நிற்கிறது. வராண்டாவில் போகிற ஒவ்வொருவரும், இந்தம்மா தூங்குகிறதோ என்று எட்டிப் பார்க்கிறார்கள். அப்போது பேசிவிட்டால் தோற்றுவிட்டோம். பிள்ளைகளுக்கு அது தெரியும். நாம் எவ்வளவு நேரம் தாங்குவோம் என்று அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூன்றாம் நாள் அழகுராஜாதான் உடைத்தான். "டீச்சர், நேரா கேக்க ஒரு மாதிரியா இருக்கு. ஏஜெண்டு வெச்சுக்கலாமா? அங்க பெரிய யாவாரிகளுக்கெல்லாம் ஏஜெண்டுதான் வந்து கேப்பாக."

எனக்கு அவனைத் தூக்கிக் கொண்டாட வேண்டும் போல இருந்தது. ஆனால் தூக்கக் கூடிய உருப்படி இல்லை அவன். "வெச்சுக்க" என்றேன். அன்றிலிருந்து பக்கத்துப் பிள்ளையின் கேள்வியை இந்தப் பிள்ளை கேட்கும். தப்பான கேள்வி என்றால் 'அது அவளோடது', நல்ல கேள்வி என்றால் 'நாந்தான் கேட்டேன்'. வெட்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஜன்னலோரத்துப் பெஞ்சிலிருந்து கேள்விகள் வர ஆரம்பித்தன. கேட்பது பக்கத்துப் பிள்ளை. ஆனால் அந்தக் கேள்விகளில் ஒரு காரம் இருந்தது. 'வெல ஏறும்னு தெரிஞ்சா விக்காம வெச்சிருப்பாகல்ல, அது அளிப்புல சேருமா சேராதா?' என்று ஒருநாள். நான் ஏஜெண்டைப் பார்க்காமல் ஜன்னலோரத்தைப் பார்த்தேன். பாண்டீஸ்வரி அவசரமாக வெளியே பார்த்தாள்.

இங்கே ஒன்றை எச்சரிக்க வேண்டும், இல்லையென்றால் என்னை நம்பி நீங்கள் கெட்டுப்போவீர்கள். நடுவில் ஒரு வாரம் வகுப்பு திருவிழா ஆகிவிட்டது. ஒரே கேள்வி, ஒரே சிரிப்பு. நானும் மிதந்துகொண்டிருந்தேன். வாரக் கடைசியில் சின்னத் தேர்வு வைத்தால் பழைய வெற்றுத்தாள்தான். சிரித்ததெல்லாம் படித்ததாகாது. கேள்வியை வாங்கிக்கொண்டு சிரிப்பை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதன்பிறகு, நல்ல கேள்வி விழுந்தால் அதற்கு முழுசாகப் பதில் சொன்னேன், பழைய வெண்கலக் குரலில், கரும்பலகையில் வளைகோட்டோடு. விரிவுரை ஒன்றும் பாவம் இல்லை. பசிக்காத வயிற்றில் திணிப்பதுதான் பாவம்.

காலாண்டு நெருங்கியது. பாண்டீஸ்வரி அதுவரை சொந்த வாயால் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாள் மலையில் பெரிய மழை. காலையில் பள்ளிக்கு வரும்போதே குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை, மேகம் மூடிக்கிடந்தது. முதல் பீரியடு பாதியில் வகுப்பு வாசலில் தலைமையாசிரியர் வந்து நின்றார். அவர் பின்னால் முருகேஸ்வரி. ஆண்கள் சட்டை, தலைத்துண்டு, தூக்குவாளி, எல்லாம் நனைந்திருந்தன.

"மெட்டுல மரம் விழுந்து ரோடு அடச்சுக்கிருச்சு டீச்சரம்மா. ஜீப்பு திரும்பிருச்சு. சரி, இன்னைக்கே வந்து சொல்லிட்டு, பிள்ளையக் கூட்டிட்டுப் போயிரலாம்னு வந்தேன். திங்கக்கெழமையிலருந்து எங்கூட வருவா."

விடுமுறைவரை என்றுதானே பேச்சு? இன்னும் பரீட்சையே தொடங்கவில்லை. தலைமையாசிரியர் நிதானமாக, "உள்ள வந்து உக்காருங்கம்மா. பீரியடு முடியட்டும், பேசுவோம்" என்று கடைசி பெஞ்சைக் காட்டினார். முருகேஸ்வரி உட்கார்ந்ததும், தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, தாடையால் ஜன்னலோரத்தைக் காட்டினார். 'அந்தப் பிள்ளையை எழுப்பி ஏதாவது சொல்லவை' என்று அர்த்தம். பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து சிவந்துவிட்டது.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேன். எழுப்பி, 'தேவை விதியைச் சொல்லு' என்றிருக்கலாம். மனப்பாடம் அவளுக்கு உண்டு. தட்டுத்தடுமாறி ஒப்பித்திருந்தால் அம்மாவுக்கும் சமாதானம், எனக்கும் நிம்மதி. என் நாக்கு அவள் பெயரின் முதல் எழுத்துவரை போய்விட்டது. ஆனால் கேட்பவர் கேட்கட்டும் என்று இத்தனை நாள் சட்டம் பேசிவிட்டு, இக்கட்டு வந்ததும் நானே அதை மீறினால், முன்னால் செய்ததெல்லாம் வேஷம் என்று முதலில் தெரிந்துகொள்ளப் போவது அந்தப் பிள்ளைதான். பயமாகத்தான் இருந்தது. நான் தோற்றால் ஜீப்பு ஏறப் போவது நான் இல்லையே.

அவள் பெயரை விழுங்கிக்கொண்டேன். பாக்கெட்டை எடுத்து முதல் பெஞ்சில் கொடுத்துவிட்டு, மாதிரி காட்டினேன். "இந்த வருஷம் மலையில காய் கம்மி. வெல ஏறிடுச்சு." அதோடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாக்கெட் நகர்ந்தது. கேள்விகள் வந்தன. "வெல ஏறுனா பாயசத்துக்குப் போடுறதக் கொறப்பாகளா?" சிரிப்பு. "மிட்டாய்க்காரக வேற வாசனைக்கு மாறிருவாகளா?" நல்ல கேள்வி. "அடுத்த வருசம் எல்லாரும் ஏலமே நட்டா என்ன ஆகும்?" இன்னும் நல்ல கேள்வி. பாக்கெட் ஜன்னலோரப் பெஞ்சுக்கு வந்தது. ஏஜெண்டுப் பிள்ளை வழக்கம்போலக் காதைச் சாய்த்தது.

பாண்டீஸ்வரி தலையை ஆட்டினாள். பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"எம்மா, காய் வெல ஏறுனா ஒனக்குக் கூலி ஏறுமா?"

அந்தக் குரலை நான் முதல்முறையாகக் கேட்கிறேன். ஒல்லிப் பிள்ளைக்கு அவ்வளவு கனமான குரல்.

முருகேஸ்வரி திகைத்துப்போனார். "என்னையவா கேக்குற?"

"ஒன்னையத்தேன்."

"எங்கிட்டு ஏறுது? ஜீப்புதேன் ஏறுது."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. தலைமையாசிரியர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. முருகேஸ்வரிக்கே சிரிப்பு வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, இப்போது என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, ஏறுனதெல்லாம் எங்கிட்டுப் போகுது டீச்சர்?"

இதற்கு மேல் யாராலும் கேட்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் எழுந்து, "ஒரு தரம்" என்றேன். யாரும் கேட்கவில்லை. "ரெண்டு தரம்" என்றேன். மூன்றாம் தரம் சொல்லாமலே கரும்பலகைப் பக்கம் போனேன்.

மணி அடிக்கும்வரை விரிவுரைதான். தோட்டம், காய் உலர்த்துகிற இடம், ஏல மையம், வெளியூர்க் கடை என்று ஒவ்வொரு கைக்கும் என்ன போகிறது, காய் எடுக்கும் கைக்கு ஏன் போய்ச் சேர்வதில்லை என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். தெரியாத இடத்தில், "இது எனக்கும் தெரியாது, தேடுவோம்" என்றேன். பாடத்திட்டத்தில் அது அப்போது இல்லை. ஒரு பிள்ளைகூடக் கண் சிமிட்டவில்லை. கடைசி பெஞ்சில் முருகேஸ்வரி தூக்குவாளியை மடியில் வைத்து, வாளிக் காதைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்து வராண்டாவுக்கு வந்தோம். தலைமையாசிரியரும் நின்றார். அவரும் நானும் என்ன சொல்லி இந்த அம்மாவை நிறுத்துவது என்று யோசிப்பதற்குள் முருகேஸ்வரியே ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சரம்மா, இவ மலைக்கு வேணாம்."

"ஏம்மா?" என்றேன். காதை நம்ப முடியவில்லை.

"இந்த வாயக் கொண்டுக்கிட்டு அங்க வந்தான்னா, கங்காணி மொத நாளே ஜீப்ப விட்டு எறக்கி விட்ருவாரு. இவளோட சேத்து என்னையும் எறக்கிருவாரு. எஞ்சோலி போயிரும். இங்கனயே கேக்கட்டும். எம்புட்டு வேணும்னாலும் கேக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். பிழியும்போது முகம் பூரா சிரிப்பு. இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு வாய் இருக்கும் என்று அவரும் அன்றுதான் பார்த்திருக்கிறார்.

எங்கள் தலைமையாசிரியர் என்னைப் பார்த்து மெதுவாக, "மூணு தரம்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வகுப்பு வாசலில் பாண்டீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். கையில் பாக்கெட் காலியாக இருந்தது. வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தாள்.